சதுர மில்லிமீட்டர் கணக்கு: வரைகலைச் சில்லுப் போட்டியின் கால் நூற்றாண்டு

கணினித் திரையில் முப்பரிமாணக் காட்சிகளை நொடிக்கு நொடி வரைந்து காட்டுவதற்கென்றே தனியாக விற்கப்படும் வரைகலை அட்டை, கடைப் பேச்சில் கிராபிக்ஸ் கார்டு, இன்று உலகச் சந்தையில் பெரும்பாலும் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்று அமெரிக்க நிறுவனங்களின் சில்லுகளையே நம்பியிருக்கிறது. அந்த மூன்றிலும் பங்கீடு சமமானதல்ல; ஜான் பெடி ரிசர்ச் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் விற்ற தனி அட்டைகளில் ஏறத்தாழ 94 விழுக்காடு என்விடியாவினுடையவை. இந்தப் போட்டியைப் பற்றி எழுதுபவர்கள் எந்த அட்டை எந்த விளையாட்டில் நொடிக்கு எத்தனை சட்டகம் காட்டுகிறது என்பதையே பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் வெற்றி தோல்விகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றைத் தீர்மானித்தது வேறொரு அளவுகோல் என்பது தெரியவரும். எத்தனை சதுர மில்லிமீட்டர் சிலிக்கானை, எந்த உற்பத்தி நுட்பத்தில், எந்த வேலைக்காகச் செலவிடுவது என்று சில்லு சந்தைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒவ்வொரு நிறுவனமும் எடுத்த முடிவுதான் அது.

இதன் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள, சில்லு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மிகத் தூய்மையான சிலிக்கானால் ஆன, 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகட்டை வேஃபர் என்பார்கள். அதன்மீது ஒளியின் துணையால் அடுக்கடுக்காகச் சுற்றுகளைப் பதித்து, இறுதியில் செவ்வகத் துண்டுகளாக அறுத்தெடுக்கிறார்கள். அந்தத் துண்டுதான் சில்லு. ஆலை வாங்கும் கட்டணம் வேஃபருக்கு உரியது என்பதால், அதில் நூறு சில்லு வெட்டினாலும் இருநூறு வெட்டினாலும் செலவு பெரிதாக மாறாது. 576 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சில்லுகளை வெட்டினால், வட்ட விளிம்பில் வீணாகும் பகுதி போக, ஏறத்தாழ 95 துண்டுகள் கிடைக்கும். 256 சதுர மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 234 கிடைக்கும். இது பாதிக் கணக்குதான். பதிக்கும் வேலையில் தூசியாலோ வேதிப் பிழையாலோ ஆங்காங்கே குறைகள் விழுந்துகொண்டே இருக்கும். சில்லு பெரிதாக ஆக, அதற்குள் ஒரு குறையாவது சிக்கும் வாய்ப்பும் பெருகும். சதுர செண்டிமீட்டருக்குச் சராசரியாக 0.2 குறை என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், எளிய நிகழ்தகவுக் கணக்கின்படி பெரிய சில்லுகளில் 30தான் பழுதின்றித் தேறும். சிறியவற்றிலோ 140 தேறும். பரப்பில் வித்தியாசம் இரண்டேகால் மடங்கு. தேறும் எண்ணிக்கையில் வித்தியாசம் நாலரை மடங்குக்கும் மேல். இந்தத் தொழிலில் பெரிய சில்லு செய்யத் துணிவதும் சிறியதோடு நிறுத்திக்கொள்வதும் ஏன் உயிர்ப் பிரச்சினையாகின்றன என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பழுதான துண்டுகள் எல்லாம் குப்பைக்குப் போவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வரைகலைச் சில்லு என்பது ஒரே மாதிரியான சிறு கணக்கிடும் அலகுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ அடுக்கப்பட்ட அமைப்பு என்பதால், குறை விழுந்த அலகுகளை மட்டும் அணைத்துவிட்டு, மிச்சத்தை விலை குறைந்த மாதிரியாக விற்றுவிடலாம். 2008இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 280 சில்லில் 240 அலகுகள் இருந்தன. அதே சில்லில் 192 அலகுகள் மட்டும் இயங்கினால் அதற்குப் பெயர் ஜிடிஎக்ஸ் 260. இன்றைக்கு மிக விலையுயர்ந்த விளையாட்டு அட்டையான ஆர்டிஎக்ஸ் 5090இல்கூட, சில்லில் பதிக்கப்பட்ட 192 கணக்கீட்டுத் தொகுதிகளில் 170 மட்டுமே திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

என்விடியாவோ, பின்னாளில் ஏஎம்டி வாங்கிய ஏடிஐயோ தமக்கென வரைகலைச் சில்லு ஆலை நடத்தியதில்லை. வடிவமைப்பு மட்டும் அவர்களுடையது. உற்பத்தி பெரும்பாலும் 1987இல் மோரிஸ் சாங் தைவானில் தொடங்கிய டிஎஸ்எம்சி நிறுவனத்தினுடையது. 1990களில் முப்பரிமாண அட்டைச் சந்தையில் எஸ்3, மேட்ராக்ஸ், 3டிஎஃப்எக்ஸ் எனப் பலர் இருந்தார்கள். 1996இல் வூடூ அட்டையால் விளையாட்டுலகைக் கட்டிப்போட்ட 3டிஎஃப்எக்ஸ், 1998இல் எஸ்டிபி என்ற அட்டைத் தயாரிப்பாளரை வாங்கி, அதுவரை தன் சில்லுகளை வாங்கி அட்டை செய்து விற்றுவந்த கூட்டாளிகளுக்கே போட்டியாளராக மாறியது. அவர்கள் என்விடியா பக்கம் சாய்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் அதன் சொத்துகளை என்விடியாவே விலைபேசி எடுத்துக்கொண்டது. ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகௌஸ்கி, கர்டிஸ் பிரீம் ஆகிய மூவரும் 1993இல் தொடங்கிய என்விடியாவும், 1985இல் கனடாவில் தொடங்கிய ஏடிஐயும் எஞ்சின. எழுத வேண்டிய கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் பாடம் 2002இல் வந்தது. ஏடிஐ 2000ஆம் ஆண்டில் ஆர்ட்எக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியிருந்தது. நின்டென்டோவின் கேம்கியூப் கருவிக்கு வரைகலைச் சில்லு வடிவமைத்த பொறியாளர்கள் அதனோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் முன்னின்று உருவாக்கிய ரேடியான் 9700 புரோ, அப்போது நன்கு பழகிவிட்டிருந்த 150 நானோமீட்டர் நுட்பத்திலேயே செய்யப்பட்டது. நானோமீட்டர் என்பது இங்கே ஒரு சுற்றின் மிகச் சிறிய பகுதியின் அளவைக் குறிக்கும் பெயர். எண் குறையக் குறைய, அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்கள் அடங்கும். (பிற்காலத்தில் அந்த எண்கள் உண்மையான அளவிலிருந்து விலகி வெறும் தலைமுறைப் பெயர்களாகிவிட்டன.) என்விடியாவோ ஜீபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 என்ற தன் சில்லைப் புத்தம் புதிய 130 நானோமீட்டர் நுட்பத்தில் செய்ய முடிவெடுத்தது. நுட்பம் பக்குவப்படத் தாமதமாயிற்று. ஏடிஐயின் அட்டை 2002 ஆகஸ்டில் கடைக்கு வந்துவிட, என்விடியாவினுடையது 2003இல்தான் வந்தது. புதிய நுட்பம் தந்த மிச்சத்தை நம்பி, நினைவகத்துக்கான பாதையை 128 பிட் அகலத்தோடு என்விடியா நிறுத்தியிருந்தது. ஏடிஐ பழைய நுட்பத்திலும் 256 பிட் பாதை போட்டது. விளைவாக, அதிவேக நினைவகம் வைத்திருந்தும் நொடிக்கு 16 ஜிகாபைட்தான் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவால் கடத்த முடிந்தது. 9700 புரோவால் ஏறத்தாழ 20 ஜிகாபைட் முடிந்தது. வேகத்தை எட்டிப்பிடிக்கச் சில்லைக் கூடுதல் துடிப்பில் ஓட்ட வேண்டியிருந்ததால், அதைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சல் அக்காலத்துப் பத்திரிகைகளில் தனிப் பேச்சாயிற்று. புதிய நுட்பத்தில் முதல் ஆளாகப் பெரிய சில்லு செய்வது ஆபத்து என்ற பாடத்தை என்விடியா மறக்கவில்லை; பின்வந்த பல தலைமுறைகளில் புதிய நுட்பத்தை முதலில் தொட்டது எதிரணிதான்.

2006ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஜூலையில் ஏஎம்டி, ஏடிஐயை 540 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நவம்பரில் என்விடியா ஜீபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸை வெளியிட்டது. அதுவரை வரைகலைச் சில்லுகளில் முக்கோணங்களின் முனைகளைக் கணக்கிடும் அலகுகளும், திரைப் புள்ளிகளுக்கு நிறம் பூசும் அலகுகளும் தனித்தனியாக இருந்தன. 8800இல் எல்லா அலகுகளும் எந்த வேலையையும் செய்யக்கூடிய பொது அலகுகளாயின. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்காக ஏடிஐ இதே கருத்தை 2005இலேயே செயல்படுத்தியிருந்ததால், கருத்து புதிதல்ல. புதிதாக இருந்தது என்விடியா அதன்மேல் ஏற்றிய சுமை. விளையாட்டுக்குத் தேவையே இல்லாத, பொதுவான அறிவியல் கணக்குகளுக்கு மட்டும் பயன்படக்கூடிய சுற்றுகளையும் அந்தச் சில்லில் பதித்து, அவற்றை சி மொழியிலேயே இயக்க வழிசெய்யும் குடா என்ற மென்பொருள் தளத்தையும் அறிவித்தது. ஸ்டான்போர்டில் வரைகலைச் சில்லைப் பொதுக் கணிப்புக்குப் பயன்படுத்த ஆய்வு செய்த இயன் பக் அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அன்றைய கணக்கில் இது வீண்செலவாகவே தெரிந்தது. அட்டை வாங்கிய ஒவ்வொரு விளையாட்டுப் பிரியரும் தனக்குப் பயன்படாத சில சதுர மில்லிமீட்டருக்கும் சேர்த்தே விலை கொடுத்தார். ஆனால் அதனாலேயே, விலை குறைந்த ஜீபோர்ஸ் வாங்கிய எந்த மாணவரும் தன் விடுதி அறையிலிருந்தே குடாவில் நிரல் எழுதத் தொடங்க முடிந்தது. இந்தப் போட்டியின் வரலாற்றில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகத் துணிச்சலானதும் நெடும்பயன் தந்ததும் இதுதான் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அதன் பயன் தெரியும் முன்பே, ஏஎம்டி ஓர் அழகான அடி கொடுத்தது. 2008 ஜூனில் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 280, 65 நானோமீட்டரில் செய்யப்பட்ட 140 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்ட, 576 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சில்லு. விலை 649 டாலர். அதே மாதம் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் எச்டி 4870, 55 நானோமீட்டரில் செய்யப்பட்ட 256 சதுர மில்லிமீட்டர் சில்லு. விலை 299 டாலர். மேலே போட்டுக் காட்டிய வேஃபர் கணக்கு இந்த இரண்டு அளவுகளையும் வைத்தே போடப்பட்டது. சந்தையின் உச்சிக்குப் பெரிய சில்லு செய்யும் பழக்கத்தையே கைவிட்டு, பெரும்பாலோர் வாங்கும் விலைக்கேற்ற சில்லைத் திறமாகச் செய்வது, உச்சி தேவைப்படுபவருக்கு அதையே இரண்டாக ஒரே அட்டையில் வைத்துக் கொடுப்பது என்பது ஏஎம்டியின் உத்தி. சிறிய சில்லின் விளிம்பில் 512 பிட் நினைவகப் பாதைக்கு இடமிருக்காது என்பதால், அதுவரை எந்த அட்டையும் பயன்படுத்தாத ஜிடிடிஆர்5 நினைவகத்தை 256 பிட் பாதையில் பொருத்தி நொடிக்கு 115 ஜிகாபைட் பெற்றார்கள். என்விடியா இரு மடங்கு அகலப் பாதையில் 142 ஜிகாபைட்தான் பெற்றது. சில வாரங்களுக்குள் ஜிடிஎக்ஸ் 280இன் விலையை 499 டாலருக்கும், 399 டாலராக இருந்த ஜிடிஎக்ஸ் 260இன் விலையை 299 டாலருக்கும் என்விடியா இறக்க வேண்டியதாயிற்று. பொறியியல் சிக்கனம் நேராக வாங்குபவரின் பையில் காசாக விழுந்த தருணங்கள் இந்தத் துறையில் அரிது. அவற்றில் இதை முதலாவதாக வைக்கலாம்.

அந்த வெற்றி ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் கடினமான கேள்வி. ஏடிஐயை வாங்கிய கடன் ஏஎம்டியின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. 2009இல் தன் ஆலைகளைக் குளோபல்பவுண்டரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துக் கொடுத்தது. அதே ஆண்டு தன் கைபேசி வரைகலைப் பிரிவை 6.5 கோடி டாலருக்குக் குவால்காமிடம் விற்றது. இன்று கோடிக்கணக்கான கைபேசிகளில் ஓடும் அட்ரினோ வரைகலை அந்தப் பிரிவின் வழிவந்ததே. அதே காலத்தில் என்விடியாவும் இடறாமல் இல்லை. 2010 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 480, டிஎஸ்எம்சியின் 40 நானோமீட்டர் நுட்பம் பக்குவப்படாத நிலையில் 300 கோடி டிரான்சிஸ்டர்களை ஏற்றிய சில்லு. பதித்த 512 அலகுகளையும் திறந்துவிட முடியாமல் 480ஓடு நிறுத்தி, அடுப்புபோல் சுடுகிறது என்ற பெயரோடு வெளிவந்தது. அந்தச் சில்லில் நினைவகப் பிழையைத் தானே திருத்தும் சுற்றும், அறிவியல் கணக்குகளுக்கான இரட்டைத் துல்லியச் சுற்றும் இடம்பிடித்திருந்தன. விளையாட்டுச் சந்தையின் கண்ணில் இவை தேவையற்ற பருமன். ஆனால் அதே வடிவமைப்பின் திருந்திய பதிப்பான ஜிடிஎக்ஸ் 580 அட்டைகள் இரண்டை வைத்துத்தான், டொரான்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் 2012இல் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்தார்கள்; படங்களை இனங்காணும் போட்டியில் அது பெற்ற வெற்றி, செயற்கை நுண்ணறிவின் இன்றைய அலையைத் தொடங்கிவைத்தது. கடையில் கிடைத்த விளையாட்டு அட்டையில் அந்த வேலை நடந்தது தற்செயல் போலத் தோன்றலாம். ஆறு ஆண்டுகளாகக் குடாவுக்கென ஒதுக்கிவந்த பரப்புதான் அதைச் சாத்தியமாக்கியது.

அதே 2012இல் பெரிய சில்லு யாருக்கு என்ற கேள்விக்கும் புதிய விடை கிடைத்தது. கெப்ளர் தலைமுறையின் நடுத்தரச் சில்லை, 294 சதுர மில்லிமீட்டரே உள்ளதை, ஜிடிஎக்ஸ் 680 என்ற பெயரில் 499 டாலருக்கு என்விடியா விற்றது. பெரிய சில்லோ முதலில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தின் டைட்டன் மீக்கணினிக்கு 18,688 எண்ணிக்கையில் போனது, மறு ஆண்டில்தான் ஆயிரம் டாலர் அட்டையாக விளையாட்டுச் சந்தைக்கு வந்தது. 2017இல் வந்த வோல்டா வி100 சில்லு 815 சதுர மில்லிமீட்டர். நரம்பு வலையமைப்புகளுக்குத் தேவையான அணிப் பெருக்கலை மட்டுமே செய்யும் டென்சர் அலகுகள் முதன்முதலாக இடம்பெற்ற அந்தச் சில்லு, ஜீபோர்ஸ் வரிசைக்கு வரவேயில்லை.

ஏஎம்டியின் பக்கம் ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிடாமல் போவது நியாயமாகாது. நினைவகச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, செங்குத்தான நுண்கம்பிகளால் இணைத்து, வரைகலைச் சில்லுக்குப் பக்கத்திலேயே ஒரே சிலிக்கான் தளத்தின்மீது உட்காரவைக்கும் எச்பிஎம் என்ற முறையை, ஏஎம்டி கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸோடு சேர்ந்து உருவாக்கி, 2015 ஜூனில் ரேடியான் பியூரி எக்ஸ் என்ற விளையாட்டு அட்டையில் உலகுக்குக் காட்டியது. 4,096 பிட் அகலப் பாதையில் நொடிக்கு 512 ஜிகாபைட் கடத்திய அந்த நினைவகத்தின் அளவு 4 ஜிகாபைட் மட்டுமே என்பதால் அட்டை பெரிதாக எடுபடவில்லை. இன்று செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய சில்லுகளில் பெரும்பாலானவை எச்பிஎம்மையே நம்பியிருக்கின்றன; அந்த முறையால் மிகுந்த வருவாய் ஈட்டியது என்விடியா. நல்ல வன்பொருளை உரிய காலத்துக்கு முன்பே செய்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் மென்பொருளும் சந்தையும் உருவாகும்வரை தாக்குப்பிடிக்கப் பணமில்லாமல் போவது ஏஎம்டிக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது.

பணமில்லாத நிறுவனம் கவனத்தைப் பிரித்துக்கொண்டதும் சேர்ந்துகொண்டது. 2019இல் விளையாட்டுக்கென ஆர்டிஎன்ஏ என்றும், 2020இல் தரவு மையங்களுக்கென சிடிஎன்ஏ என்றும் ஏஎம்டி இரண்டு தனித்தனிச் சில்லுக் கட்டமைப்புகளை வகுத்தது. விளையாட்டு அட்டையில் தேவையற்ற பருமன் குறைந்ததால், பரப்புக் கணக்கில் இது புத்திசாலித்தனம்; 2020 நவம்பரில் வந்த ஆர்எக்ஸ் 6000 வரிசை, அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் 128 மெகாபைட்டைச் சில்லுக்குள்ளேயே வைத்து என்விடியாவுக்கு இணையாக நின்றதே அதற்குச் சான்று. ஆனால் வீட்டில் ரேடியான் வைத்திருக்கும் மாணவர் எழுதும் நிரலும் தரவு மையத்துச் சில்லில் ஓடும் நிரலும் இருவேறு அடித்தளங்களில் நின்றன. குடாவுக்கு எதிராக 2016இல் தொடங்கிய ராக்எம் என்ற ஏஎம்டியின் தளம் விளையாட்டு அட்டைகளை நெடுங்காலம் அரைகுறையாகவே ஆதரித்தது. என்விடியாவோ 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில், விளையாட்டுக்காரர்கள் கேட்காமலேயே டென்சர் அலகுகளைப் பதித்து, அந்தப் பரப்புக்கு வேலை கொடுக்க டிஎல்எஸ்எஸ் என்ற படப்பெருக்க மென்பொருளையும் உருவாக்கியது. 2024 செப்டம்பரில் ஏஎம்டியின் வரைகலைப் பிரிவுத் தலைவர் ஜாக் ஹுயின், இரண்டு கட்டமைப்புகளையும் யுடிஎன்ஏ என்ற ஒன்றாக மீண்டும் இணைக்கப்போவதாக அறிவித்தது, அந்தப் பிரிவினை தவறு என்பதற்கான ஒப்புதலாகவே கொள்ளத்தக்கது.

பெரிய சில்லின் சுமையிலிருந்து தப்ப இன்னொரு வழி, ஒரே வேலையைப் பல சிறு சில்லுகளுக்குப் பகிர்ந்து, அவற்றை ஒரே பொதியில் ஒட்டிவைப்பது. இவற்றுக்குச் சிப்லெட் என்று பெயர். 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் இந்த முறையில் அமைந்த முதல் விளையாட்டு அட்டை. கணக்கிடும் பகுதி 5 நானோமீட்டரில் ஏறத்தாழ 300 சதுர மில்லிமீட்டர்; அதைச் சூழ்ந்து, கேஷும் நினைவகப் பாதையும் அடங்கிய ஆறு சிறு சில்லுகள், ஒவ்வொன்றும் 37 சதுர மில்லிமீட்டர் அளவில், விலை குறைந்த 6 நானோமீட்டரில். இந்தப் பிரிப்புக்கு வலுவான காரணம் உண்டு. கணக்கிடும் சுற்றுகள் புதிய நுட்பத்தில் சுருங்குவதுபோல் கேஷ் நினைவகச் சுற்றுகள் சுருங்குவதில்லை. டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டரிலும் 3 நானோமீட்டரின் பரவலான வகையிலும் ஒரு கேஷ் செல்லின் அளவு ஒன்றேதான். சுருங்காத பொருளை விலையுயர்ந்த மனையில் கட்டுவானேன் என்பது ஏஎம்டியின் வாதம். எனினும், துண்டுகளுக்கிடையே தரவைக் கடத்தவே மின்சாரமும் இடமும் செலவாயின. 608 சதுர மில்லிமீட்டர் ஒற்றைச் சில்லான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090ஐ அந்த அட்டை எட்டவில்லை. கணக்கிடும் பகுதியையே இரண்டாகப் பிரிப்பது இதைவிடக் கடினம். ஒரு காட்சிச் சட்டகத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே நினைவகத்தை, ஒரே நேரத்தில், மில்லிநொடிக் கெடுவுக்குள் தொட வேண்டியிருப்பதால், நடுவில் எழும் சிறு தாமதமும் திரையில் தடங்கலாகத் தெரியும். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளை முன்கூட்டியே பங்கிட்டுவிடலாம் என்பதால் அங்கே பிளவு எளிது. 2023 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் எம்ஐ300எக்ஸ், எட்டுக் கணக்கீட்டுச் சில்லுகளை நான்கு அடித்தளச் சில்லுகளின்மேல் அடுக்கி, 15,300 கோடி டிரான்சிஸ்டர்களை ஒரே பொதியில் திரட்டியது இதனால்தான்.

மூன்றாவது நிறுவனமான இன்டெல்லின் நிலையைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த ஆர்க் பி580 அட்டையின் சில்லு 272 சதுர மில்லிமீட்டர். வேகத்தில் அதற்கு நெருங்கிய போட்டியாளரும் 299 டாலர் விலையுள்ளதுமான என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060இன் சில்லு 159 சதுர மில்லிமீட்டர். இரண்டும் டிஎஸ்எம்சியின் ஒரே 5 நானோமீட்டர்க் குடும்பத்தில் பிறந்தவை. ஒன்றே முக்கால் மடங்கு சிலிக்கானைக் கொடுத்து, 50 டாலர் குறைவாக வாங்கிக்கொள்ளும் நிலையில் எந்த நிறுவனமும் நெடுநாள் நிற்க முடியாது. வாங்குபவருக்கு அது நல்ல அட்டை என்பதில் ஐயமில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் என்விடியா இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாகவும், இன்டெல்லின் கணினிச் சில்லுகளில் என்விடியாவின் வரைகலைச் சிப்லெட்டுகள் இடம்பெறும் என்றும் அறிவிப்பு வந்தபின், ஆர்க் வரிசையின் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு எழுதுவது கடினமாகிவிட்டது.

2025ஆம் ஆண்டு ஏஎம்டியைப் பதினேழு ஆண்டுகள் பின்னுக்கு அழைத்துச் சென்றது. உச்சி அட்டையை விட்டுவிட்டுப் பரவலான வாங்குபவரைப் பிடிப்பதே முன்னுரிமை என்று ஜாக் ஹுயின் முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார். மார்ச்சில் 599 டாலருக்கு வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, சிப்லெட் முறையைக் கைவிட்டு, ஏறத்தாழ 357 சதுர மில்லிமீட்டரில் 5,390 கோடி டிரான்சிஸ்டர்களை அடக்கிய ஒற்றைச் சில்லு. 2008இன் உத்தி மறுபடி வந்திருக்கிறது. ஆனால் அன்றைய எதிரி இன்று இல்லை. 2008இல் என்விடியாவின் பிழைப்பே வரைகலை அட்டைகளில் இருந்ததால், விலையை இறக்குவதைத் தவிர அதற்கு வேறு வழியிருக்கவில்லை. 2025 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டிலோ தரவு மையங்களிலிருந்து அது ஈட்டியது 11,500 கோடி டாலருக்கும் மேல். விளையாட்டுப் பிரிவு ஈட்டியது ஏறத்தாழ 1,135 கோடி. ஒரே ஆலை, ஒரே குடும்பத்து நுட்பம், அளவுக்குட்பட்ட வேஃபர்கள் என்ற நிலையில், விளையாட்டு அட்டைக்குப் போகும் ஒவ்வொரு வேஃபரும் பன்மடங்கு இலாபம் தரும் வேறொரு சில்லிடமிருந்து பறித்ததாகவே கணக்காகும். ஆர்டிஎக்ஸ் 5090 என்ற 750 சதுர மில்லிமீட்டர் சில்லுக்கு 1,999 டாலர் என்ற விலையும், அந்த விலைக்கும் நெடுநாள் கடைகளில் அது கிடைக்காமல் போனதும் இந்தக் கணக்கின் விளைவுகளே. ஏஎம்டிக்கும் இதே சபலம் உண்டு என்பதை மறக்கக் கூடாது; 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு ஆறு ஜிகாவாட் அளவுக்குச் சில்லுகள் வழங்க அது செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முன், விளையாட்டு அட்டை மிகச் சிறிய வியாபாரம்.

இனி வரும் ஆண்டுகளின் உத்திகளை ஓர் இயற்பியல் எல்லை வழிநடத்துகிறது. வேஃபரில் சுற்றைப் பதிக்கும் ஒளியச்சு இயந்திரம் ஒரு தடவையில் 26க்கு 33 மில்லிமீட்டர் பரப்பைத்தான் காட்ட முடியும். அதாவது ஒற்றைச் சில்லு 858 சதுர மில்லிமீட்டரைத் தாண்ட முடியாது. என்விடியா 2024 மார்ச்சில் அறிவித்த பிளாக்வெல் தரவு மையச் சில்லு, இந்த எல்லையைத் தொடும் இரண்டு சில்லுகளை நொடிக்கு 10 டெராபைட் இணைப்பால் ஒட்டி, 20,800 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒன்றாக மென்பொருளுக்குக் காட்டுகிறது. 2027க்கெனத் திட்டமிட்டுள்ள ரூபின் அல்ட்ரா அத்தகைய நான்கை ஒரே பொதியில் வைக்கும். ஏஎம்டியின் எம்ஐ450 வரிசை டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் நுட்பத்தைப் பயன்படுத்தப்போகிறது. புதிய நுட்பத்தை முந்தித் தொடும் தன் பழைய வழக்கத்துக்கே ஏஎம்டி திரும்புகிறது என்று இதைப் படிக்கலாம். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் செய்யும் அடுத்த தலைமுறை ஒளியச்சு இயந்திரங்களோ, நுணுக்கத்தைக் கூட்டுவதற்கு விலையாகப் பதிக்கும் பரப்பைப் பாதியாக்குகின்றன. அவற்றில் ஒரு தடவைக்கு 429 சதுர மில்லிமீட்டர்தான். டிஎஸ்எம்சி அவற்றுக்கு அவசரப்படவில்லை என்று சொல்லிவிட்டதால் இந்த எல்லை உடனடியாகத் தாக்காது. தாக்கும் நாளில், ஆர்டிஎக்ஸ் 5090 போன்ற ஒற்றைப் பெருஞ்சில்லை அந்த இயந்திரத்தில் ஒரே பதிப்பில் செய்ய முடியாது. விளையாட்டு அட்டைக்கான கணக்கீட்டுப் பகுதியைப் பிளக்கும் வித்தையில் யார் முதலில் தேறுகிறாரோ அவருக்கே உச்சி அட்டை சாத்தியமாகும். 2022இல் அரைவழி போய்த் திரும்பிய ஏஎம்டி, அந்த அனுபவத்தைத் தொலைத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

பரப்பைக் கூட்ட முடியாதபோது, வரைய வேண்டிய புள்ளிகளைக் குறைப்பது மற்றொரு வழி. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4, அதன் ஓர் இயக்க நிலையில், நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளை மட்டும் வரைந்து, மீதியை நரம்பு வலையமைப்பின் ஊகத்தால் நிரப்புகிறது. அப்படி வரைந்த ஒவ்வொரு சட்டகத்துக்கும் பின்னால் மூன்று சட்டகங்களை முழுக்க ஊகத்தாலேயே செய்கிறது. ஆகத் திரையில் காணும் பதினாறு புள்ளிகளில் ஒன்றுதான் உண்மையில் கணக்கிட்டு வரையப்பட்டது. ஊகத்தைக் கற்றுத்தரும் பயிற்சியை என்விடியா தன் மீக்கணினியில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவருகிறது. எனவே வாங்குபவரின் அட்டையில் இருக்க வேண்டிய சிலிக்கானின் ஒரு பங்கு நிறுவனத்தின் தரவு மையத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. தரவு மையம் பெரிதாக உள்ளவருக்கே இது சாதகம் என்பதால், ஏஎம்டி தனியாக இந்தப் பந்தயத்தில் ஓடவில்லை. தன் சில்லுகளையே பிளேஸ்டேஷனில் பயன்படுத்தும் சோனியோடு சேர்ந்து, நரம்பு வலையமைப்புகளுக்கான புதிய அலகுத் தொகுப்புகளையும் ஒளிக்கதிர்களைப் பின்தொடர்வதற்கான தனி அலகுகளையும் வடிவமைத்துவருவதாக 2025 அக்டோபரில் ஜாக் ஹுயினும் சோனியின் மார்க் சர்னியும் அறிவித்தார்கள். அவை இப்போதைக்குக் கணினி உருவகமாக மட்டுமே இயங்குகின்றன என்றும், சில ஆண்டுகளில் வரும் விளையாட்டுக் கருவி ஒன்றில் அவற்றைக் கொண்டுவர விரும்புவதாகவும் சர்னி சொன்னார்.